வெள்ளைத் தோலுக்குப் போட்ட கணக்கு

மலர்க்குழு நண்பர் போன் செய்தபோது நான் ஓ.பி.யில் இருந்தேன். "ஹாஸ்டல் மெஸ் கதை, கட் அடிச்சு சினிமாவுக்குப் போன கதையெல்லாம் நிறைய வந்தாச்சுடா. நீ உன் தொழிலைப் பத்தி எழுது. இப்ப படிக்கிற பிள்ளைங்களுக்கும் ஏதாவது கிடைக்கணும்ல?" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் கவலை வந்தது. பரீட்சைப் பேப்பரைத் தவிர நான் எழுதியதெல்லாம் மருந்துச் சீட்டுதான். அதையும் மருந்துக்கடைக்காரர்கள் மட்டுமே படித்திருக்கிறார்கள்!

ஆகவே நண்பர்களே, தம்பி தங்கைகளே, எனக்குத் தெரிந்த ஒரே கதையை எழுதுகிறேன். லேசர் என்ற ஒளி மனிதத் தோலுக்குள் வந்த கதை. அது நம்மைப் போன்ற ஆசியத் தோல்காரர்களிடம் வந்தபோது எங்கே தடுக்கி விழுந்தது, எப்படி எழுந்தது என்ற கதை. நடுவில் நானும் ஒருமுறை விழுந்தேன். அதை மறைக்காமல் சொல்வதாக உத்தேசம்.

சுவரில் தொங்கிய படங்கள்

1982-இல் சேர்ந்த எங்கள் செட்டுக்கு நம் தோல் நோய்ப் பிரிவின் அந்த நீளமான அறை நினைவிருக்கும். சுவர் முழுக்கப் படங்கள். எல்லாம் வெளிநாட்டுப் பாடநூல்களிலிருந்து எடுத்தவை. வெள்ளைத் தோலில் செக்கச்செவேலென்று தடிப்புகள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நம் ஊர் நோயாளியைப் பார்த்தால் அந்தச் சிவப்பு எங்கேயும் தென்படாது. 'எரித்திமா எங்கே இருக்கிறது?' என்று பேராசிரியர் கேட்டால் நாங்கள் திருதிருவென்று விழிப்போம்.

அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "புத்தகத்துல செவப்புன்னு போட்டிருப்பான். நம்ம ஆளுங்ககிட்ட அது ஊதாவா இருக்கும், சாம்பலா இருக்கும், சில சமயம் வெறும் கறுப்பாத்தான் இருக்கும். புத்தகத்தை மூடிட்டு கையால தொட்டுப் பாரு."

வைவாவுக்கு உதவாத உபதேசம் என்று அன்று நினைத்தேன். அதன் அருமை புரியப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

ஒளி பிறந்த கதை

ஒளியைத் தூண்டி இன்னும் ஒளியைப் பெறலாம் என்ற கருத்தை ஐன்ஸ்டீன் 1917-லேயே எழுதிவிட்டார். அது கருவியாக உருவெடுக்க 43 ஆண்டுகள் பிடித்தன. 1960 மே 16 அன்று கலிஃபோர்னியாவின் மாலிபுவில், ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில், தியோடர் மைமன் ஒரு மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளியை எடுத்தார். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலரும் யோசித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்திலேயே, சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன் அதைத் தோலின்மேல் பாய்ச்சிப் பார்த்துவிட்டார். கருநிறம் உள்ள இடமும் கறுத்த முடியும் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சேதமடைவதை அவர் கவனித்தார். பின்னால் வரப்போகும் எங்கள் தொல்லைகளுக்கெல்லாம் முதல் மணி அப்போதே அடித்துவிட்டது.

1964-இல் வந்தது கார்பன்-டை-ஆக்சைடு லேசர். இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த குமார் பட்டேல்! இந்த ஒளியின் அலைநீளம் 10,600 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தோலில் பெரும்பகுதி தண்ணீர்தானே! பட்ட இடம் ஆவியாகிவிடும்.

ஆனால் ஆரம்பக் காலக் கருவிகளில் ஒளி இடைவிடாமல் பாய்ந்தது. சூடு பக்கத்துத் திசுக்களுக்கும் பரவித் தழும்பானது. இதற்கு வழி காட்டியவர்கள் பாஸ்டனின் ராக்ஸ் ஆண்டர்சனும் ஜான் பாரிஷும். 1983-இல் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். எந்தப் பொருளை அழிக்க வேண்டுமோ அது உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடு. அந்தச் சூடு பக்கத்துக்குப் பரவ ஆகும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அடித்து முடித்துவிடு. சூடான தோசைக்கல்லை விரலால் சடக்கென்று தொட்டு எடுப்பதற்கும், விரலை அழுத்தி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இன்றைய தோல் லேசர்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டுரையின் பிள்ளைகள்.

1990-களின் முதல் பாதியில், ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவாகத் துடிக்கும் கார்பன்-டை-ஆக்சைடு கருவிகள் வந்தன. 'ரீசர்ஃபேசிங்' என்ற வார்த்தை பிரபலமானது. ரோட்டுக்குப் புதுத் தார் போடுவது மாதிரி முகத்துக்குப் புதுத் தோல்! மேல்தோலை முழுவதும் ஆவியாக்குவார்கள். ஈரத்துணியால் துடைப்பார்கள். மறுபடி ஒரு சுற்று அடிப்பார்கள். உள்தோலின் கொலாஜன் சூட்டில் சுருங்கி இறுகும். மயிர்க்கால்களின் அடியிலிருந்து புதுத்தோல் முளைத்து வரும். வெயிலில் சுருங்கிப்போன வெள்ளைக்கார முகங்களில் இது அதிசயம் செய்தது.

நமக்கு வேண்டியதே வேறு

நம் ஊரில் சுருக்கம் போக்கச் சொல்லி வந்தவர்கள் அப்போது குறைவு. வந்தவர்களில் பெரும்பாலோர் பருத்தழும்புக்காரர்கள். வயதானவர்களிடம் அம்மைத் தழும்பும் இருந்தது. இந்தியாவில் பெரியம்மை 1975-இல்தான் ஒழிந்தது என்பதால் நாங்கள் படித்த காலத்தில் அந்த முகங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அப்புறம் பெண்களின் கன்னத்தில் படரும் மங்கு.

இங்கே ஒரு பாடம் சொல்லிவிடுகிறேன். நிறத்தை உண்டாக்கும் மெலனோசைட் செல்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அவை தயாரிக்கும் நிறமணிகளில். வெள்ளைத் தோலில் அவை சிறியவை, கொத்துக் கொத்தாக இருப்பவை. கருந்தோலில் பெரியவை, தனித்தனியாகப் பரவி நிற்பவை. வெயிலுக்கு இது நல்ல குடை. ஆனால் இந்தச் செல்கள் ரோஷக்காரர்கள். காயமோ, சூடோ, அழற்சியோ பட்டால் நிறத்தை அள்ளிக் கொட்டிவிடும். கொசுக்கடி ஆறிய பிறகும் நம் காலில் கறுப்புப் புள்ளி மாதக்கணக்கில் நிற்பது இதனால்தான்.

"கார்பன்-டை-ஆக்சைடு லேசர் தண்ணீரைத்தானே தேடுகிறது, மெலனினை இல்லையே?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒளி மெலனினைத் தொடவில்லைதான். அது உண்டாக்கும் புண்ணும் மிச்சச் சூடும்தான் மெலனோசைட்டைச் சீண்டுகின்றன.

தோல் நிறத்தை அளக்க நாங்கள் வைத்திருக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் பிறப்பையும் சொல்ல வேண்டும். ஹார்வர்டின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் இதை வகுத்தபோது நோக்கம் லேசர் அல்ல. சோரியாசிஸ் நோயாளிகளுக்கு எவ்வளவு புற ஊதாக் கதிர் கொடுக்கலாம் என்று கணக்கிடத்தான். முதலில் இருந்த 4 வகைகளும் வெள்ளைத் தோலுக்கானவை. பழுப்பும் கறுப்பும் பின்னால் 5, 6 என்று ஒட்டப்பட்டன. அளவுகோலின் முக்கியக் கேள்வி, வெயிலில் நின்றால் உங்கள் தோல் வெந்து சிவக்குமா, கறுக்குமா என்பது. இதை ஓ.பி.யில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். "வெயில்ல நின்னா உங்களுக்கு என்னங்க ஆகும்?" அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தலைவலி வரும் டாக்டர்."

1998-இல் நடந்தது

அப்போது நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக லேசர் வந்திருந்தது. ஏ.சி. அறை, வாசலில் செருப்புக் கழற்றும் மரியாதை. கருவியோடு ஒரு கையேடு. இந்தப் பிரச்சினைக்கு இவ்வளவு சக்தி, இத்தனை சுற்று என்று அட்டவணை போட்டிருந்தது. அதில் இருந்த படங்கள் எந்த ஊர் முகங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் தாயாருடன் வந்தார். இரு கன்னத்திலும் பருக்குழிகள். கல்யாணம் நிச்சயமாகி நான்கு மாதம் இருந்தது. நான் அட்டவணையைப் பார்த்தேன். அதில் சொன்னபடியே செய்தேன். பத்தாம் நாள் புண் ஆறி, இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். குழிகள் பாதிக்குமேல் நிரவியிருந்தன. நான் வார்டு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினேன். பெருமை தாங்கவில்லை.

நான்காவது வாரம் அவர் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். விலக்கினார். இரு கன்னமும் லேசர் பட்ட எல்லை வரை, கோடு போட்டாற்போல், காப்பிப்பொடி நிறத்தில் கறுத்திருந்தன.

"குழி போயிருச்சு டாக்டர். மொகமும் போயிருச்சு" என்றார்.

தாயார் கோபப்படவில்லை. "இப்படி ஆகும்னு மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்கிறேன். இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கருநிறத் தோலில் நிறமாற்றம் வரலாம் என்று ஒரு வரி எங்கோ படித்திருந்தேன். 'நமக்கு வராது' என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கேஸ் ஷீட்டில் கையெழுத்து வாங்கியிருந்தேன். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை.

களிம்பு, வெயில் காப்பு, பொறுமை என்று எட்டு மாதம் ஆயிற்று கறுப்பு மறைய. கல்யாணம் தள்ளிப்போனது. அதற்குக் காரணம் இதுதானா என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. பின்னர் அதே மாப்பிள்ளையுடன் கல்யாணம் நடந்தது. பத்திரிகை எனக்கும் வந்தது. போகத் தைரியம் வரவில்லை.

கிழக்கிலிருந்து வந்த விடை

அந்த எட்டு மாதத்தில்தான் நான் மறுபடி மாணவனானேன். கிழக்கு ஆசியக்காரர்கள் எழுதியதைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஜப்பானியர்களுக்கு இது பழைய வழக்கு. கண்ணைச் சுற்றிச் சாம்பல் நீலமாகப் படரும் 'ஓட்டா மச்சம்' ஆசியர்களிடமே அதிகம். 1930-களின் கடைசியில் அதை விவரித்த டோக்கியோ பேராசிரியர் மசாவோ ஓட்டா, கினோஷிடா மொகுடாரோ என்ற புனைபெயரில் புகழ்பெற்ற கவிஞரும்கூட. நம் கல்லூரித் தமிழ் மன்றத்தார் கவனிக்க! அந்த மச்சத்தை ஒரு காலத்தில் உறைபனிக் கட்டியை வைத்துத் தீய்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நானோ செகண்ட் துடிப்புள்ள மாணிக்க லேசர் வந்தது. அதனால் பெரும்பாலோருக்குத் தழும்பில்லாமல் மச்சம் வெளுப்பதை வதனபே, தகஹாஷி என்ற இரு ஜப்பானிய மருத்துவர்கள் 1994-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் காட்டினார்கள். ஆசியத் தோலைப் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்காமல், அதையே ஆராய்ச்சியின் மையத்தில் வைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ரீசர்ஃபேசிங்கிலும் மாற்றங்கள் வந்தன. 1990-களின் நடுவில் வந்த எர்பியம்-யாக் லேசரின் அலைநீளம் 2,940 நானோமீட்டர். தண்ணீர் இதைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். மெல்லிய படலமாகச் சீவும், மிச்சச் சூடு குறைவு. கறுப்பது குறைந்தது, நிற்கவில்லை.

பெரிய திருப்பம் 2004-இல். டீட்டர் மான்ஸ்டைனும் முன்னே சொன்ன அதே ஆண்டர்சனும் மற்றவர்களும் ஒரு புது யோசனை சொன்னார்கள். தோலை முழுக்க எரிக்காதே, நுண்ணிய புள்ளிகளாக அடி, நடுநடுவே நல்ல தோலை விட்டுவை என்றார்கள். இதுதான் 'ஃப்ராக்ஷனல்' லேசர். வாசலில் அம்மா வைக்கும் கோலப்புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளுக்கு நடுவே தரை அப்படியே இருக்கிறது அல்லவா? அந்த நல்ல தோல்தான் பக்கத்துப் புண்ணை வேகமாக ஆற்றுகிறது.

அப்பாடா, விடிந்தது என்று நினைத்தோம். ஆசியர்களுக்கு அதிலும் கறுத்தது. ஹாங்காங்கின் ஹென்றி சானும் கூட்டாளிகளும் 2007-இல் காரணத்தை எழுதினார்கள். ஒவ்வொரு புள்ளியின் சக்தியைவிடப் புள்ளிகளின் நெருக்கம்தான் கறுப்புக்கு முக்கியக் காரணம் என்றார்கள். ஆகவே நெருக்கத்தைக் குறை, சுற்றைக் குறை, வேண்டுமானால் கூடுதல் தவணையாகச் செய். அதைப் படித்த அன்று அறையில் தனியாக உட்கார்ந்து 1998-இன் அட்டவணையை நினைத்துக்கொண்டேன். அது தப்பான கணக்கு இல்லை. வேறு யாருக்கோ போட்ட கணக்கு.

கொரியர்கள் இன்னும் எளிமையாக யோசித்தார்கள். ஆழமான, குறுகிய பருக்குழிகளுக்கு லேசரே வேண்டாம், கூராக்கிய மரக்குச்சியின் நுனியில் அடர்த்தியான ட்ரைக்ளோரோஅசெட்டிக் அமிலத்தைத் தொட்டுக் குழிக்குள் மட்டும் வை என்று 2002-இல் எழுதினார்கள். கோடி ரூபாய் மிஷின் செய்ய முடியாததைக் குச்சி செய்தது! இன்றும் நான் செய்கிறேன்.

எல்லாம் வெற்றி என்று எண்ணிவிடாதீர்கள். மங்குக்காகக் கிழக்கு ஆசியாவில் 'லேசர் டோனிங்' பரவியது. குறைந்த சக்தியில் வாரந்தோறும் அடிப்பது. முதலில் பளபளப்பு. தொடர்ந்து அடித்தபின் சிலருக்கு மழைத்துளி மாதிரி வெள்ளைப் புள்ளிகள். நிறுத்தியதும் மங்கு திரும்பவும் வந்தது. ஒவ்வொரு புதுக் கருவியும் முதலில் கைத்தட்டலோடு வருகிறது. பில் பின்னால்தான் வரும்.

இளையவர்களுக்கு

இன்று நான் கடைப்பிடிப்பவை சில. வெயிலில் கறுத்துவந்த முகத்தில் லேசர் வைப்பதில்லை. முதலில் காதோரம் சிறிய இடத்தில் சோதித்து, சில வாரம் காத்திருப்பேன். கீலாய்டு உண்டா, உதட்டுக் கொப்புளம் வந்ததுண்டா, என்ன களிம்பு போடுகிறீர்கள் என்று கேட்பேன். மருந்துக்கடையில் தானாக வாங்கிய ஸ்டீராய்டு களிம்பு பாதிப் பேரின் பையிலிருந்து வெளியே வரும்! மங்குக்கு முதலில் வெயில் காப்பும் களிம்பும்தான். லேசர் கடைசி வரிசை. 'நாலாவது வாரம் கறுக்கலாம், பல மாதம் நிற்கலாம்' என்பதை முதல் நாளே தமிழில் வாய்விட்டுச் சொல்வேன். கேட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. போகட்டும்.

"என்னை வெள்ளையாக்குங்க டாக்டர்" என்று வருகிறவர்களுக்கும் பதில் ஒன்றே. லேசர் தழும்பைக் குறைக்கும், பிறந்த நிறத்தை மாற்றாது. 1975-இல் கடைக்கு வந்த ஒரு சிவப்பழகு கிரீம் 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சிலிருந்து அந்தச் சொல் எப்போது போகுமோ!

இது தோல் மருத்துவர்களின் தொல்லை மட்டும் அல்ல. விரல்நுனியில் மாட்டும் ஆக்சிஜன் மானி கறுப்பின நோயாளிகளிடம் உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்று 2020-இல், கொரோனா உச்சத்தில், அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அதே ஆண்டு லண்டனில் மலோன் முகுவெண்டே என்ற மருத்துவ மாணவர், பழுப்பு, கறுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று காட்டும் கையேட்டைத் தன் ஆசிரியர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். கவனியுங்கள், மாணவர்! நம் சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்து நாங்கள் நாற்பது பேர் திருதிருவென்று விழித்தோம். எங்களில் ஒருவர்கூடப் புதுப் படம் எடுத்து மாட்டவில்லை.

அதற்குப் பிராயச்சித்தமாக ஒன்று செய்கிறேன். 1998-லிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பெயர், ஊர் எதுவும் கிடையாது. வயது, தோல் நிறம், எந்த லேசர், எவ்வளவு சக்தி, எவ்வளவு நெருக்கம், நான்காவது வாரம் என்ன ஆயிற்று, ஆறாவது மாதம் என்ன ஆயிற்று. நல்லது கெட்டது இரண்டும் உண்டு. இப்போது மூன்று நோட்டுகள் ஆகிவிட்டன. நம் சந்திப்பு நாளன்று அவற்றைத் துறை நூலகத்தில் ஒப்படைக்கிறேன். முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் பெண்ணின் கணக்கு. அதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளே, அதில் உங்கள் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். நண்பர்களே, சந்திப்பில் நேரில் பேசுவோம். யாராவது 'முகத்துல ஏதாவது அடிச்சு இளமையாக்குடா' என்று கேட்டீர்களானால், பதில் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதலில் காதோரம் சோதனை, பிறகு ஆறு வாரம் காத்திருப்பு!

வாழ்க நம் கல்லூரி.